பதினேழு வயசுப் பையனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

ப்ளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மத்தியானம், என் பெரிய பையன் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பரீட்சை அட்டையைக் கட்டில் மேல் வீசினான். கை கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவன், "அம்மா, காலேஜ் திறக்க இன்னும் மூணு மாசம் கிட்டே இருக்கு. சும்மா உட்கார்ந்தா பைத்தியம் பிடிச்சிடும். நான் எங்கேயாவது வேலைக்குப் போறேன்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. குடித்த டம்ளரைத் தூக்கிப் போய்த் தொட்டியில் போடாத பிள்ளை வேலைக்குப் போகிறானாம்! ஆனால் உள்ளூர ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்தது. அந்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஓவர்டைம் நின்று போயிருந்தது. காலேஜில் சேர்க்க வேண்டும், பழைய லாப்டாப்பாவது ஒன்று வாங்க வேண்டும் என்று ராத்திரிகளில் நாங்கள் இருவரும் மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தது, தூங்குகிறான் என்று நினைத்த பிள்ளையின் காதில் விழுந்திருக்கிறது.

"போயேன், யார் வேண்டாம் என்றது? நாம இருக்கிற ஊர் அம்பத்தூர் ஆச்சே!" என்றேன்.

அந்த வார்த்தையை நான் எவ்வளவு தெரியாமல் சொன்னேன் என்பது பதினைந்தே நாளில் புரிந்தது.

சகோதரிகளே, இந்தப் பக்கத்து மண்ணின் பெருமையைச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தொடங்கி, இங்கேதான் சைக்கிள் செய்தார்கள். 1961-ல் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1964-ல் அரசாங்கம் அம்பத்தூர் எஸ்டேட்டை அமைத்தது. ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிறிசும் பெரிசுமாகப் பட்டறைகள். பாடிப் பக்கம் போனால் கார், லாரிக்கு உதிரி பாகம் செய்யும் பெரிய கம்பெனிகள். காலை ஏழரைக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும், இந்த ஊரில் ஒரு பையனுக்கு இரண்டு மாச வேலை கிடைக்காது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

என் அப்பாவும் நம்பவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு 1966-ல் சைக்கிள் மிதித்து எஸ்டேட்டுக்கு வந்தவர் அவர். ஒவ்வொரு கேட்டாக இறங்கிக் கேட்டாராம். "அப்போ வயசு கேட்கமாட்டாங்கம்மா. கையைக் காட்டச் சொல்வாங்க. கை காய்ச்சிருந்தா உள்ளே வான்னுவாங்க" என்பார். முதல் மூன்று மாசம் துடைப்பம்தான். பிறகுதான் லேத்தின் பக்கத்தில் நிற்கவிட்டார்கள். அவர் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாக ஒரு தேதி போட்டு விடுவார். ஜூன் மாசம் பிறந்தவர்கள் அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்! வயசைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரு பொருட்டே இல்லை. இப்போதோ ஆதாரைக் காட்டியதும் பிறந்த தேதி பளிச்சென்று தெரிந்து விடுகிறது.

என் பையனுக்கு ஆகஸ்டில்தான் பதினெட்டு முடிகிறது. அந்த நாலு மாசம்தான் எங்கள் கதையே.

முதலில் பிரதான சாலையில் இருக்கும் ஒரு பெரிய மளிகை ஸ்டோருக்குப் போனான். வாசலிலேயே 'ஆட்கள் தேவை' என்று போர்டு. உள்ளே மேனேஜர் நல்ல மாதிரிதான். ஆதாரைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "பதினெட்டு முடிஞ்சதும் வாப்பா" என்றார். அடுத்தது செல்போன் கடை. அங்கேயும் அதே பதில். துணிக்கடையில், "ரெண்டு மாசத்துக்கா? வேலை கத்துக்கவே ரெண்டு மாசம் ஆயிடுமே" என்றார்களாம். ஹோட்டலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், மாசத்துக்கு இரண்டே நாள் லீவு என்றதும் இவனே திரும்பிவிட்டான்.

சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போய்க் கொடுக்கும் வேலைக்குப் பதினெட்டு வயசும் லைசென்ஸும் வேண்டும். "அண்ணாவோட பேர்ல ஐ.டி. எடுத்து ஓட்டறான்மா என் ஃப்ரெண்டு" என்று ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தான். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இதை எல்லா அம்மாக்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். வயசு வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவரோ, வண்டியின் சொந்தக்காரரோ பொறுப்பு. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. பிள்ளைக்கோ இருபத்தைந்து வயசு வரை லைசென்ஸே கிடையாது! கியர் இல்லாத, 50 சி.சி.க்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும்தான் பதினாறு வயசிலேயே லைசென்ஸ் உண்டு. நம் வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்கள் அதில் சேராது.

மூன்றாவது வாரம் நானே அவனோடு எஸ்டேட்டுக்குக் கிளம்பினேன். எங்களுக்குத் தெரிந்த ஒரு கான்ட்ராக்டர், பட்டறைகளுக்கு ஆள் அனுப்புகிறவர். டீக்கடை வாசலில் நின்றே பேசினார். "தம்பிக்கு வயசு இன்னா? பதினேழா? வேணாம்மா. இன்ஸ்பெக்டர் வந்தா நான் மாட்டிக்குவேன். அப்படியே எடுத்தாலும் ரெண்டு மாசத்துல போயிடுவான். பீகார், ஒடிசா பசங்க ரூம் குடுத்தா வருஷம் முழுக்க இருக்கானுங்க. நைட் ஷிப்ட், ஞாயித்துக்கிழமை எதுக்கும் மூஞ்சி காட்டமாட்டானுங்க."

கேட்கக் கசப்பாக இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வடக்கேயிருந்து வருகிற பிள்ளைகள் நம் பிள்ளைகளின் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சிலர் பேசுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தாய் தகப்பனை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு ரூமில் எட்டுப் பேராகப் படுத்து எழுந்து அவர்கள் செய்யும் வேலையை, "ரெண்டு மாசம், பகல்ல மட்டும், ஞாயிறு லீவு" என்று கேட்கிற நம் பிள்ளைக்கு எந்த முதலாளி கொடுப்பார்? 2020 ஊரடங்கில் அவர்கள் ஊர் திரும்பினபோது எத்தனை பட்டறைகள் ஆளில்லாமல் தவித்தன என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அன்று திரும்பி வரும்போது இன்னொரு பட்டறையில் வேலை கிடைத்தது என்றே சொல்ல வேண்டும். பெயர்ப் பலகை கூட இல்லாத தகரக் கொட்டகை. உள்ளே நாலு பவர் பிரஸ். "ஆதாரெல்லாம் வேணாம், நாளைக்கே வரச் சொல்லுங்க, நாளுக்கு 450" என்றார் அங்கிருந்தவர். பையனின் முகம் மலர்ந்துவிட்டது. நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

காரணம், எங்கள் தெருக்கோடி வீட்டுப் பிள்ளை. அவனும் இப்படித்தான், ப்ளஸ் ஒன்னில் நின்றவன், பெயர் இல்லாத ஒரு பட்டறையில் பிரஸ்ஸில் நின்றான். பதினோராவது நாள் வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று. தகடு வைக்கும் கை வெளியே வருவதற்குள் மேலேயிருந்து அச்சு இறங்கிவிட்டது. இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் இறங்கும்படி ஏற்பாடு இருக்குமாம். உற்பத்தி வேகம் குறைகிறது என்று அதைக் கழற்றி, கால் பெடலில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுப்போடும் செலவைக் கொடுத்தார்கள், அதோடு சரி. பதிவேட்டில் அவன் பெயரே இல்லாததால், அடிபட்டது அங்கேதான் என்று நிரூபிப்பதே அந்த அம்மாவுக்குப் பெரும்பாடாகிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பிள்ளை கோயிலில் விபூதி வாங்க இடது கையை நீட்டிவிட்டு, சட்டென்று மாற்றிக்கொள்வதைப் பார்க்கும்போது என் வயிறு என்னவோ செய்யும்.

அப்படியானால் சட்டம்தான் என்ன சொல்கிறது? ஆத்திரம் தாங்காமல், எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அம்மாவிடம் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பதினேழு வயசுப் பிள்ளை வேலையே செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையாம்! இதுதான் நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாத விஷயம். பதினாலு வயசு நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கவே கூடாது. பள்ளி நேரம் போக, சொந்தக் குடும்பத் தொழிலில் ஆபத்தில்லாத வேலைக்குக் கைகொடுப்பது போன்ற சிறு விலக்குகள்தான் உண்டு. பதினாலிலிருந்து பதினெட்டுக்குள் இருப்பவர்களைச் சட்டம் 'வளரிளம் பருவத்தினர்' என்கிறது. சுரங்கம், வெடிமருந்து, தீப்பற்றும் பொருள்கள், அபாயகரமான தொழில்கள், இவற்றில்தான் அவர்களை வைக்கக்கூடாது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது இதைச் சேர்த்தார்கள். மீறினால் முதலாளிக்கு ஆறு மாசத்திலிருந்து இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மற்ற இடங்களில் வேலை செய்யலாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு. தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. நடுவில் ஒரு மணி ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளில் ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சாயங்காலம் ஏழிலிருந்து காலை எட்டு வரை வேலை வாங்கவே கூடாது. ஓவர்டைம் கிடையாது. வாரம் ஒரு நாள் லீவு. இவர்களுக்கென்று முதலாளி தனிப் பதிவேடும் வைக்க வேண்டும்.

"இவ்வளவையும் யாரும்மா செய்வாங்க? அதைவிடப் பதினெட்டு ஆகட்டும்னு சொல்லிட்டா அவங்களுக்குச் சுலபம்" என்றார் வக்கீல் அம்மா. ஆக, சட்டத்தை மதிக்கிற கடைக்காரர் நம் பிள்ளையை எடுப்பதில்லை. எடுக்கத் தயாராக இருக்கிறவரோ சட்டத்தை மதிப்பதில்லை! பிள்ளையைக் காப்பாற்ற வந்த விதி, அவனைத் தகரக் கொட்டகைப் பக்கம் திருப்பிவிடுகிறதே என்று எனக்கு ஆதங்கமாகத்தான் இருந்தது. அதற்காக விதியே வேண்டாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை. தெருக்கோடிப் பிள்ளையின் கை கண் முன்னால் நிற்கிறதே!

ஜெர்மனியில் பதினைந்து வயசு ஆன பள்ளிப் பிள்ளைகள் லீவு நாட்களில் வருஷத்துக்கு நாலு வாரம் வேலை பார்க்கலாம் என்று சட்டத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் பதினெட்டு வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மணிக் கணக்கில் இவ்வளவு என்று தனியாகக் குறைந்தபட்சக் கூலி உண்டு. சனிக்கிழமை கடையில் நின்றால் அதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை. நம்மிடம் பையன் கடையில் நின்றால், "ஏன், வீட்டில் கஷ்டமா?" என்பதுதான் முதல் கேள்வி. என் ஓரகத்தியே கேட்டாள். பெயர் போடவில்லை, அவளும் இந்தப் பத்திரிகையைப் படிப்பாள்!

பெண் பிள்ளைகளின் பாடு இன்னும் தனி. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா தொழிற்சாலை வந்தபோது, ப்ளஸ் டூ முடித்துப் பதினெட்டு ஆன பெண்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். பூந்தமல்லி சாலையில் விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்குச் சாப்பாட்டுப் பையோடு நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். 2014 நவம்பரில் அது மூடியபோது அவர்களில் பலருக்கு இருபத்தைந்து வயசு கூட ஆகவில்லை. இப்போதும் அந்தப் பக்கம் வேறு கம்பெனிகளுக்குப் பஸ்கள் ஓடுகின்றன. போகிற பெண்ணை அனுப்பும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்வேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் பதினைந்திலிருந்து பத்தொன்பது வயசுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிற பெண்ணுக்கு, காலையில் வெறும் டீயைக் கொடுத்து அனுப்பாதீர்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். டப்பாவில் முருங்கைக்கீரைப் பொரியலோ, சுண்டலோ வையுங்கள், கூடவே ஒரு எலுமிச்சை மூடி பிழிந்துகொள்ள. புளிப்பு சேர்ந்தால்தான் கீரையின் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் போச்சு.

விட்ட இடத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் முகூர்த்தங்கள் வந்தன. பையனுக்குக் கேட்டரிங்கில் பரிமாறும் வேலை கிடைத்தது. ஒரு ராத்திரிக்கு 500 ரூபாய், சாப்பாடு, கருப்புப் பேன்ட் நம்முடையது. நம் பக்கத்துக் காலேஜ் பிள்ளைகள் பலர் இதில்தான் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறார்கள். திருவேற்காட்டுப் பக்கம் ஒரு மண்டபம், ஆவடியில் ஒன்று, மறுபடி பூந்தமல்லி. சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் ரிசப்ஷன் முடிந்து, பாத்திரம் ஏற்றிவிட்டு, டெம்போவில் வந்து இறங்க ராத்திரி ஒன்றரை. சட்டப்படி ஏழு மணிக்கு மேல் கூடாது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் தடுத்திருப்பேனா? அவன் முதல் 500 ரூபாயைக் கொண்டு வந்து சுவாமி படத்தின் முன்னால் வைத்தபோது எனக்கு இருந்த பெருமையில், தடுத்திருக்கமாட்டேன் என்றே நினைக்கிறேன்.

மூன்றாம் ராத்திரி, சாம்பார் வாளியோடு வழுக்கி விழுந்தான். முழங்கைக்குக் கீழே கொப்புளம். கேட்டரிங்காரர் பர்னால் தடவி அனுப்பிவிட்டார். அந்த ராத்திரிக் கூலி இன்று வரைக்கும் வரவில்லை. (கொதித்தது பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். பற்பசை, மாவு எதையும் அப்பக்கூடாது. நானும் அன்றுதான் டாக்டரிடம் கற்றுக்கொண்டேன்.)

அதோடு என் வீட்டுக்காரர் கண்டிப்பாக நிறுத்திவிட்டார். "ஐ.டி.ஐ.யில போடலாமே, தொழிலாவது கத்துப்பான்" என்றார் என் அப்பா. அது நல்ல யோசனைதான். அம்பத்தூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.களில் படிக்கிறவர்களுக்கு மாசம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதேபோல் 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி, ஆபத்தில்லாத தொழில்களில் பதினாலு வயசிலிருந்தே பயிற்சியாளராகச் சேரலாம். 2019-ல் போட்ட விதிப்படி பத்தாவது தேறியவருக்கு மாசம் 6,000, ப்ளஸ் டூ தேறியவருக்கு 7,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்று நிர்ணயித்தார்கள். மேலே படிக்க முடியாத, அல்லது விருப்பமில்லாத பிள்ளைக்கு, ஆதாரே கேட்காத கொட்டகையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இதெல்லாம் ஆறு மாசம், ஒரு வருஷம் என்று போகும் விஷயம். எங்களுக்கு வேண்டியது காலேஜ் திறக்கும் வரைக்கும்.

கடைசியில் வழி காட்டியது என் சின்னவள். மே மாசம் ரிசல்ட் வரப்போகிறது, காலேஜ் விண்ணப்பம் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும், பிரௌசிங் சென்டரில் கூட்டம் வழியும், அங்கே கேளேன் என்றாள். மார்க்கெட் பக்கம் ஜெராக்ஸ் கடையோடு சேர்ந்த சென்டர். அந்த அம்மா தனி ஆளாகத் திண்டாடிக்கொண்டிருந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப் அடிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். நான்தான் போய், வயசையும் சொல்லி, பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குப் போய்விடுவான், மத்தியானம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவான் என்று பேசிவிட்டு வந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "நீங்க லேபர் ஆபீசரா?" என்றார். நாளுக்கு 250 ரூபாய்.

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இன்ஜினியரிங் கவுன்சலிங், அரசுக் கலைக்கல்லூரி விண்ணப்பம் என்று எல்லாம் கற்றுக்கொண்டான். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெரியவர் தன் பேத்திக்காக வந்து, விண்ணப்பம் போட்டு முடித்ததும் இவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனாராம். அதை மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு நாள் வேலை, 7,000 ரூபாய். ஒரே கவரில் போட்டு, நாள் கணக்கு எழுதிய சீட்டோடு கொடுத்தார் அந்த அம்மா. லாப்டாப்புக்குப் பாதி கூட ஆகாது. மீதியை நாங்கள் போட்டோம்.

ஆகஸ்டில் அவனுக்குப் பதினெட்டு முடிந்தது. சேமியா பாயசம் வைத்தேன். அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் போன் வந்தது. அந்த மளிகை ஸ்டோர் மேனேஜர். நம்பரைக் குறித்து வைத்திருந்திருக்கிறார், பாவம். "தம்பி, பதினெட்டு ஆயிடுச்சில்ல? தீபாவளி சீசன் வருது. நாளைக்கே வர முடியுமா?"

பையன் காலேஜ் பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தான். "ஞாயித்துக்கிழமை மட்டும் வரலாமா சார்?" என்று கேட்டான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கேட்டுச் சொல்றேன்ப்பா" என்றார் அவர்.